அத்தை சொன்ன தட்டு

"இந்தப் பாட்டைக் கேட்டுப் பாருங்க அயித்தை, மனசுக்கு இதமா இருக்கும்" என்று என் தம்பி மகள் ரேடியோவைத் திருகும்போதெல்லாம் நான் எழுந்து திண்ணைக்குப் போய்விடுகிறேன். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஒருவருக்கு ஒரு பாட்டைச் சொல்வது அவளுக்கு வெற்றிலை மடித்துக் கொடுப்பதுபோலச் சாதாரண விஷயம். எங்கள் வீட்டில் அப்படி ஒரு பாட்டைச் சொன்ன பாவத்துக்கு ஒருத்தியை மாட்டுக்கொட்டகைக்குத் தள்ளினார்கள். கண்ணால் பார்த்தவள் நான்.

அவர் என் அப்பாவின் தங்கை, எனக்கு அத்தை. கல்யாணமான மறு வருஷமே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, கீரமங்கலத்தில் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டவர். அப்பாவுக்குத் தேங்காய் வியாபாரம். கை கொஞ்சம் தாராளமாக இருந்த ஒரு வருஷம் புதுக்கோட்டையிலிருந்து கிராமபோன் பெட்டி ஒன்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். நாலு பேர் பார்த்து வாயைப் பிளக்க வேண்டும் என்பதற்காக வாங்கியதுதான். ஆனால் அதற்குச் சாவி கொடுக்கவும் முள் மாற்றவும் அத்தைக்குத்தான் பொறுமை இருந்தது. யாருக்கு எந்த இசைத்தட்டு என்பது அவருக்கு எப்படியோ தெரியும். மாமியாரோடு மல்லுக்கட்டி வந்தவளுக்கு ஒன்று, காய்ச்சலில் கிடந்து தேறியவளுக்கு ஒன்று. பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் கல்லாக உட்கார்ந்திருந்த எதிர்வீட்டுக்காரியை ஒருநாள் கையைப் பிடித்து அழைத்துவந்து, "ஒனக்கு மருந்து வேணாந்தாயி, இதைக் கேளு" என்று ஒரு தட்டைப் போட்டார். அது முடிவதற்குள் அவள் அத்தையின் மடியில் விழுந்து கதறினாள். அன்று ராத்திரி அவள் சோறு தின்றாள் என்று அவள் மாமியாரே வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்கு விராலிமலைப் பக்கம் மாப்பிள்ளை அமைந்தது. வீட்டில் கல்யாணக் களை வந்துவிட்டது, அத்தை மட்டும் கொல்லைப்புறத்துக்கு நகர்ந்துவிட்டார். தாலியறுத்தவள் மணவறைப் பக்கம் தலைகாட்டக் கூடாது, பெண்ணுக்கு எதையும் தன் கையால் கொடுக்கக் கூடாது. என்னை வளர்த்ததில் பாதி அவர்தான். ஆனாலும் என் நெற்றியில் அவர் திருநீறு பூசக்கூடாதாம். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, மாவு இடித்துக்கொண்டிருந்தவர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "நான் என்னத்தா ஒனக்குக் குடுக்க முடியும்? விராலிமலைத் தேருக்குப் போனப்ப ஒரு கடையில முருகன் பாட்டு ஒண்ணு கேட்டேன். கேட்டதும் அந்தச் சாமியே எறங்கி வந்து பக்கத்துல நிக்கிற மாதிரி இருந்துச்சு. ஒங்கப்பாகிட்டச் சொல்லி அந்தத் தட்டை வாங்கியாரச் சொல்லியிருக்கேன். தாலி கட்டுனதும் போடச் சொல்லு. அதுதான் நான் பூசுற துண்ணூறு" என்றார்.

தாலி ஏறியது. தட்டையும் போட்டார்கள். பந்தலில் சலசலப்பெல்லாம் அடங்கி, சின்னப் பிள்ளைகள்கூட வாய் மூடிக் கேட்டன. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அப்போதுதான் மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்தார். அரண்மனைக் கச்சேரியெல்லாம் கேட்டவன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்ளும் மனிதர் அவர். "நிறுத்துய்யா! கல்யாண வீட்டுல முகாரியை எவன்யா போட்டது? எழவு வீட்டு ராகமய்யா இது!" என்று கத்தினார். அவ்வளவுதான். யார் சொன்ன தட்டு என்று விசாரித்தார்கள். தாலியறுத்தவள் சொன்னது என்று தெரிந்ததும் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் மாரில் அடித்துக்கொள்ளாத குறைதான். அத்தைக்கு முகாரி என்றால் என்னவென்றே தெரியாது. ராகத்துக்குப் பேர் உண்டென்று தெரியுமோ என்னவோ! அவருக்குத் தெரிந்ததெல்லாம் பாட்டு மட்டும்தான்.

ஐந்தாறு மாதத்தில் என் வீட்டுக்காரர் ரங்கூனுக்குக் கப்பல் ஏறினார். அங்கே ஒரு கடையில் கணக்கெழுதும் வேலை. பிறகு சண்டை வந்தது, குண்டு விழுந்தது, ஜனங்கள் காடு மலையெல்லாம் நடந்தே ஊர் திரும்பினார்கள். அப்படி வந்த ஒருத்தர், என் வீட்டுக்காரர் வழியில் காய்ச்சல் கண்டு செத்துப்போனார் என்று சொன்னார். என் தாலியைக் கழற்றி வாங்கி, என்னைப் பிறந்த வீட்டுக்கே அனுப்பினார்கள். ஒருத்தர்கூட ஜப்பான்காரனைத் திட்டவில்லை, காய்ச்சலைத் திட்டவில்லை. எல்லாரும் கொல்லைப்புறத்தைப் பார்த்துத்தான் திட்டினார்கள். அப்பா அந்தத் தட்டை அம்மிக்கல்லில் போட்டு உடைத்தார். பெட்டி ஒரு காப்பிக் கடைக்குப் போனது. அத்தையின் பாயும் தலையணையும் மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறைக்குப் போயின. திட்டியதைவிடக் கொடுமை, அத்தை அதை நம்பிவிட்டார். சாமி ஊர்வலத்தில் நாயனச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே முந்தானையைக் காதில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். என் முகத்தை நேராகப் பார்க்கவே மாட்டார். "ஒங்க பாட்டா அவரைக் கொன்னுச்சு? கிறுக்கா ஒங்களுக்கு?" என்று நான் எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். ம்ஹூம், அசைந்து கொடுத்தால்தானே.

சண்டை முடிந்து, கப்பல் திரும்பவும் ஓடத் தொடங்கிய பிறகு ரங்கூனிலிருந்து வந்திறங்கிய ஆவூர்க்காரர் ஒருத்தர் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். அப்போது என் மாமனாரும் வந்திருந்தார். நான் மோர் கொண்டுபோய் வைத்தேன். ஆவூர்க்காரர் என் வெள்ளைச் சேலையைப் பார்த்துத் திடுக்கிட்டு, "என்னங்க இது? அவரு நல்லா இருக்காருங்களே! அங்கிட்டே ஒரு பர்மாக்காரியைக் கட்டிக்கிட்டு, பிள்ளையும் இருக்கு. நான் அவரு வீட்டுல சாப்பிட்டுட்டு வாரேன்" என்றார்.

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "செத்தவன் செத்தவனாவே இருக்கட்டும். நீங்க எதையும் பாக்கலை" என்று அவரை அனுப்பிவைத்தார். நான் அப்பாவிடம் நேராகவே கேட்டேன்: "அப்ப அயித்தை மேல போட்ட பழி?" அப்பா என்னைப் பார்க்காமல் சொன்னார்: "புருசன் செத்துட்டான்னா ஊரு பாவம்னு சொல்லும். விட்டுட்டு ஓடிட்டான்னா ஒன்னைய என்ன சொல்லும் தெரியுமா? பழி பாட்டு மேல இருந்துட்டுப் போகட்டும். பாட்டுக்கு வலிக்கவா போகுது?" இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நல்ல தகப்பன், நல்ல அண்ணன்!

நான் நேரே கொட்டகைக்குப் போய் அத்தையிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். பர்மாக்காரியைப் பற்றியோ, என்னை விட்டுப்போன அந்த மனிதரைப் பற்றியோ அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் முகத்தை நேராகப் பார்த்தார். "அப்ப அந்தப் பாட்டு ஒண்ணும் பண்ணலையாத்தா?" என்றார். "ஒண்ணும் பண்ணலை அயித்தை." "நெசமாவா?" "நெசமா." அவர் சுவரில் சாய்ந்து, கண்ணை மூடி, மெல்ல அந்தப் பாட்டை எடுத்தார். இத்தனை வருஷம் அமுக்கிவைத்த குரல் கரகரவென்றுதான் வந்தது. ஆனாலும் வந்தது.

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "விளக்கு வைக்கிற நேரத்துல அந்தப் பாட்டு என்னத்துக்கு? வீடு வெளங்கவா?" ஆவூர்க்காரர் சொன்னதையெல்லாம் கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட அதே அம்மா. "உசிரோட இருக்கவனை அந்தப் பாட்டு இன்னும் எத்தனை தடவை ஆத்தா கொல்லும்?" என்று நான் கத்தினேன். அம்மா ஓடிவந்து என் வாயைப் பொத்தினார். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமாம். அத்தையின் வாயை யாரும் பொத்த வேண்டியிருக்கவில்லை. அது முன்பே மூடிவிட்டது.