பெண் பார்க்க வந்தவர்களும் ஆண்ட்ரோமீடாவும்

சின்னசேலத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு அரைமணி நேரத்தில் கிளம்பியிருக்க வேண்டியவர்கள். இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷம் அது. அவர்கள் கள்ளக்குறிச்சிக்குள் நுழைந்த கையோடு போராட்டக்காரர்கள் சின்னசேலம் சாலையில் மரங்களை வெட்டிப் போட்டுவிட்டார்கள். பஸ் இல்லை. மலைமேல் இருக்கும் கரியாலூர் பள்ளியில் வாத்தியாரான மாப்பிள்ளை, அவர் அம்மா, அப்பா மூவரும் எங்கள் வீட்டிலேயே தங்கும்படி ஆயிற்று. எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. பட்டுப்புடவையில் தலைகுனிந்து நிற்கிற வேலையை நாள் முழுக்க யாராலும் செய்ய முடியாது.

சிக்கல் ஒன்றுதான். தை மாதமே கல்யாணம், அத்தோடு படிப்பை நிறுத்திவிட வேண்டும் என்று முன்பே சொல்லியனுப்பியிருந்தார்கள். நானோ ஆராய்ச்சியில் பாதிக் கிணறு தாண்டியிருந்தேன்.

மறுநாள் காலை அடுப்படியில் என்னோடும் என் அம்மாவோடும் காய் நறுக்கிக்கொண்டே மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.

"இன்னாம்மா படிக்கிற நீ?"

"ஆண்ட்ரோமீடான்னு பக்கத்து கேலக்ஸி இருக்குதுங்க. அங்க சில நட்சத்திரம் ஜோடியா சுத்திக்கினு இருக்குது. அதுல ஒண்ணு செத்துச் சுருங்கிப் போனது. ஆனாலும் பக்கத்துல இருக்கிறதோட வாயுவ இழுத்து மேல சேத்துக்கினே இருக்கும். ஜாஸ்தியாச்சுன்னா குப்புனு வெடிக்கும். அதுக்குப் பேர் நோவா. எந்த மாதிரி ஜோடி அப்படி வெடிக்குதுன்னு கண்டுபுடிக்கணும்."

"வெடிச்சா அது போயிடுமா?"

"போவாதுங்க. பால் பொங்கி வழிஞ்சாலும் சட்டி அப்படியே இருக்குதில்ல, அந்த மாதிரி. மறுபடி இழுக்க ஆரம்பிச்சிடும்."

"எங்க வூட்லயும் ஒண்ணு அப்படித்தான்" என்று, கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவரைக் கண்ணால் காட்டிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் எனக்கு வாய் நீண்டுவிட்டது. "அந்த வெளிச்சம் இங்க வந்து சேர இருபது லட்சம் வருஷத்துக்கு மேல ஆவுதுங்க" என்றேன்.

"அப்ப இன்னா அவசரம்? கல்யாணம் முடிஞ்சு, ஒரு புள்ளய பெத்துட்டு மெதுவா பாரேன்."

சுருக்கென்று கோபம் வந்தது. "கிளம்பி எவ்ளோ வருஷம் ஆனாலும் இங்க சில வாரந்தாங்க தெரியும். ஜோடிய பிரிச்சுப் பாக்க முடியாத தூரம். வெளிச்சம் ஏறி எறங்குறத வெச்சுத்தான் ஊகிக்கணும். அது ராத்திரியில நல்லாத் தெரியுற ஐப்பசியிலேருந்து தை வரைக்கும் தெனமும் பாக்க ஆள் இருக்கணும்."

அவர் அடுத்த காயை எடுத்து நறுக்கினார். என் அம்மா என்னை முறைத்தாள். சம்பந்தம் கெட்டது என்றே நினைத்தேன்.

அடுத்த நாள் மரங்களை அப்புறப்படுத்திப் பஸ் விட்டார்கள். கிளம்பும்போது மாப்பிள்ளையின் அம்மா என் அம்மாவிடம் சொன்னார்: "சின்னசேலத்துலேருந்து வந்த எங்களுக்கே நீங்க ரெண்டு நாளா வடிச்சுப் போட்டீங்க. அந்த வெளிச்சம் அவ்ளோ தூரத்துலேருந்து வருது. வர்றப்ப பாக்க ஆள் இல்லன்னா நல்லாவா இருக்கும்? பொண்ணு படிப்ப முடிக்கட்டும். கல்யாணத்த நாம தள்ளி வெச்சிக்கலாம்."

இரண்டு நாளாக என்னிடம் வாயே திறக்காத மாப்பிள்ளை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "எங்க மலையில விளக்கு கம்மிங்க. வானம் நல்லாத் தெரியும்" என்றார்.

எனக்கு அன்றைக்கே கல்யாணம் செய்துகொள்ளலாம் போல இருந்தது.