கிழித்த கடைசித் தாள்

நூலகத்துக்கு வரும் பிள்ளைகள் நூலகரான அவளுக்கு வைத்திருந்த பெயர் மிளகாய். முகத்துக்கு நேரே அக்கா என்பார்கள், படியிறங்கியதும் மிளகாய்தான். அவளுக்கும் அது தெரியும், பொய்யில்லையே என்று விட்டுவிட்டாள். பக்கத்தின் மூலையை மடித்தால் எரிந்து விழுவாள். எச்சில் தொட்டுப் புரட்டினால் கேட்கவே வேண்டாம். ஆனால் ஒரு பிள்ளை "நல்லா இல்லக்கா" என்று பாதியில் திருப்பித் தந்தால் மட்டும் கோபமே வராது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "எந்த இடத்துல அலுத்துச்சு?" என்று விசாரிப்பாள்.

ஜன்னலோரத்து அலமாரி அவள் உருவாக்கியது. பத்து, பதினொரு வயதுப் பிள்ளைக்குப் படக்கதையைக் கொடுத்தால் "நான் என்ன பாப்பாவா?" என்று முறைக்கும். பெரியவர்களுக்கான நாவலைக் கொடுத்தால் கொட்டாவி விடும். ஆகவே இந்த வயதுக்கென்றே புதிய கதைகளாகத் தேடிப் பிடித்து அடுக்கி, "ரெண்டுங்கெட்டான் அலமாரி" என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினாள். பிள்ளைகளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தங்களைத்தான் சொல்கிறாள் என்று தெரிந்தே வந்து மொய்த்தார்கள்.

ஆண்டுதோறும் பதிப்பகங்கள் அனுப்பும் மாதிரிப் பிரதிகளை வீட்டுக்கு எடுத்துப்போய், அடுப்படியில் நின்றபடி படிப்பாள். அவளுடைய தேர்வு முறை ஒன்றே ஒன்று: பால் பொங்கி வழிந்தால் புத்தகம் தேறியது. "இந்த வீட்டுல பால் குடிக்கிறது அடுப்பு மட்டும்தான்" என்பான் அண்ணன்.

அண்ணனும் அவன் மகளும் அவளோடுதான் இருந்தார்கள். அண்ணி ஒருநாள், "கொஞ்ச நாள்ல வந்துடறேன்" என்று பெட்டியோடு போனவள், போனவள்தான். அண்ணனோ மகளிடம், அம்மாவுக்கு வெளியூரில் வேலை என்று சொல்லிவைத்திருந்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. பதினொரு வயதுப் பெண்ணுக்குக் கண்ணும் காதும் இல்லையா என்ன? புத்தகமும் கையுமாகத் திரிந்த அந்தப் பெண் திடீரென்று படிப்பதையே நிறுத்திவிட்டாள். அத்தை விடாமல் துளைத்துக் கேட்டபோது ஒரே ஒரு பதில் வந்தது.

"எல்லாக் கதையிலயும் கடைசியில அம்மா வந்துடறாங்க அத்தை. சும்மா புளுகு."

அத்தைக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. யார்மேல் என்று கேட்டால், எல்லோர்மேலும். ஓடிப்போன அண்ணிமேல், வாய் திறக்காத அண்ணன்மேல், இத்தனை அம்மாக்களையும் கடைசிப் பக்கத்தில் கூட்டிவந்து நிறுத்திய எழுத்தாளர்கள்மேல். புளுகாத ஒரு கதையைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று அந்த ஆண்டு கங்கணம் கட்டிக்கொண்டு படித்தாள். கிடைத்தது. அம்மா போய்விட்ட ஒரு பெண், அப்பாவோடு சேர்ந்து ஓட்டைப் படகு ஒன்றைப் பழுதுபார்க்கிற கதை. அம்மா வரவே இல்லை. அன்றைக்குப் பால் பொங்கியது மட்டுமல்ல, பாத்திரமே தீய்ந்து கரியாகிவிட்டது.

ஆனால் அவள் தேர்ந்தெடுத்தால் போதுமா? தேர்வுக் குழு என்று ஒன்று இருந்தது. அதன் தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எந்தப் புத்தகத்தையும் பின்னாலிருந்து திறந்து, கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துத் தீர்ப்புச் சொல்லிவிடுவார். அவருக்கு மிளகாய் வைத்திருந்த பெயரே கடைசிப் பக்கம்தான்.

"என்னம்மா இது, அம்மா வரவே இல்லையே?" என்றார் அவர். "பிள்ளைங்க மனசு உடைஞ்சு போயிடாது?"

"அம்மா போயிட்ட பிள்ளைக்கு மனசு ஏற்கெனவே உடைஞ்சுதான் சார் இருக்கு. புத்தகம் வந்தா உடைக்கணும்? முதல்லேருந்து படிச்சுப் பாருங்க."

"முடிவு தெரிஞ்சா போதாதா? இத்தனை வருஷ அனுபவம்மா." அவர் தாராள மனதோடு கையை விரித்தார். "சரி, உங்களுக்காக விட்டுக்கொடுக்கிறேன். வாங்கிக்கலாம். கடைசித் தாளை மட்டும் எடுத்துட்டு அலமாரியில வைங்க. வருவாளோ மாட்டாளோன்னு நம்பிக்கையா நிக்கும். இல்லேன்னா இந்தப் புத்தகமே வேண்டாம்."

மற்ற உறுப்பினர்கள் தலையை ஆட்டினார்கள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று நம்புகிற கூட்டம்! புத்தகத்தையும் ரெண்டுங்கெட்டானாக ஆக்கிவிட்டீர்களே என்று கத்த வாயெடுத்தாள். கத்தினால் அதுவும் கிடைக்காது. பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்று சொல்லிவிட்டாள்.

பிரதிகள் வந்தன. பிளேடை வைத்து ஒவ்வொன்றிலும் கடைசித் தாளை அறுத்தாள். மிளகாய்க்கே கண் எரிந்தது. தூக்கிப் போட மனம் வரவில்லை. எல்லாத் தாள்களையும் கைப்பைக்குள் திணித்துக்கொண்டாள். ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோய், ஒன்றும் சொல்லாமல் அண்ணன் மகளின் தலையணைப் பக்கம் வைத்தாள்.

பெண் அதைத் தொட்டாள், பிறகு விடவில்லை. மறுநாள் மாலை புத்தகத்தோடு அடுப்படிக்கு வந்து நின்றாள். அண்ணன் அங்கேதான் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"அத்தை, இதுல கடைசித் தாள் இல்ல."

"அப்படியா? அச்சடிக்கிறப்போ விட்டுப்போயிருக்கும்." பார்த்தீர்களா, அவளும் புளுகினாள்.

"இல்ல, பிளேடு போட்டிருக்கு. ஓரம் தெரியுது பாருங்க." பெண் புத்தகத்தை விரித்துக் காட்டினாள். "அவங்க அம்மா வரல. அதானே?"

"யாரு சொன்னா?"

"வந்திருந்தா எதுக்குக் கிழிக்கப் போறாங்க?"

அண்ணன் கையிலிருந்த தட்டு தொட்டிக்குள் நழுவியது. பெண் அவன் பக்கம் திரும்பவே இல்லை. "எங்க அம்மாவும் வரமாட்டாங்கதானே அத்தை?" என்றாள்.

அண்ணன் "வேண்டாம்" என்பதுபோல் தலையசைத்தான். போதும் சாமி, இந்த வீட்டில் மறைத்ததெல்லாம் போதும் என்று தோன்றியது அவளுக்கு. "வரமாட்டாங்கன்னுதான்டி நினைக்கிறேன், செல்லம்" என்று சொல்லிவிட்டு, கைப்பையைத் திறந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

பெண் நின்றபடியே படித்தாள். கண்ணிலிருந்து நீர் இறங்கியது. துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"படகு மிதக்குதே அத்தை!" என்றாள். பிறகு முகம் சிவந்துவிட்டது. அத்தையின் கோபம் அப்படியே அவளுக்கு. "இவ்வளவு நல்ல பக்கத்தைப் போயி யாரு கிழிச்சது?"

"நான்தான்" என்றாள் மிளகாய். ஜென்மத்தில் முதல்முறையாக அவள் குரல் எழும்பவில்லை. அண்ணன் ஈரக்கையோடு வந்து, மகளின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "எனக்கும் படிச்சுக் காட்டும்மா" என்றான்.

மறுநாள் நூலகத்துக்கு வந்த தலைவர், மேசை நிறையப் புத்தகங்களும் பசை டப்பாவுமாக அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

"என்னம்மா பண்றீங்க?"

"கிழிச்சதை ஒட்டறேன் சார்."

"யாரைக் கேட்டு?"

"முதல் பக்கத்திலேருந்து படிச்ச ஒருத்தியைக் கேட்டு" என்று சொல்லிவிட்டு, அவள் அடுத்த பிரதியை இழுத்தாள்.