ஓடக்கூடாது என்றோர் உத்தரவு

தலைநகரத்தில், மத்திய அரசு குவார்ட்டர்ஸ் இருந்த கிட்வாய் நகரில் குளிர் தொடங்கியதும் எங்கள் பிளாக்குக்கு நடுவிலிருந்த பார்க்கில் சுண்ணாம்புக் கோடு போட்டு, வலை கட்டி, பல்பு மாட்டிவிடுவார்கள். ஆபீஸ் விட்டு வந்த அங்கிள்கள், ஆன்ட்டிகள், பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் ஷட்டில் ஆடுவார்கள். நான் ஸ்கோர் சொல்வேன். கோட்டுக்கு வெளியே ஒரு பிரம்பு மோடாவைப் போட்டு, சால்வையைப் போர்த்திக்கொண்டு, எம்.ஏ. சேர்ந்த பிறகும் ஸ்கோர்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறக்கும்போதே என் இதயத்தில் ஓட்டை. ஆறு வயதில் ஆபரேஷன் செய்து அடைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது, ஓடவிடாதீர்கள், படியேறவிடாதீர்கள் என்றாராம் டாக்டர். வெட்டிய நெஞ்செலும்பு கூடும்வரைக்கும் என்பதுதான் அதற்கு அர்த்தம். ஆனால் என் அப்பா மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர். ஓர் உத்தரவை ரத்து செய்து இன்னோர் உத்தரவு வரும்வரை பழையது அமலில் இருக்கும். இந்த விதியை அவர் ஆபீஸ் ஃபைல்களோடு நிறுத்திக்கொள்ளவில்லை. வருஷா வருஷம் செக்கப்புக்குப் போனோம். டாக்டர்கள் மாறினார்கள். இனி ஓடலாம் என்று யாரும் தாமாகச் சொல்லவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. மாடியில் பெரிய குவார்ட்டர்ஸ் கிடைத்தபோதுகூட, படி இருக்கிறது என்று வேண்டாமென்றுவிட்டார்.

பி.டி. பீரியடில் மரத்தடியில் எல்லாருடைய பைகளுக்கும் நான் காவல். வாளியைத் தூக்கினால் அம்மா ஓடிவந்து பிடுங்குவாள். புதிதாக யாராவது குடிவந்தால், "அவளுக்கு ஹார்ட்" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிடுவார்கள், மற்றவர்களுக்கெல்லாம் அது இல்லாத மாதிரி.

யூனிவர்சிட்டி லைப்ரரியில் இரண்டாவது மாடி ஏறுவதற்குள் எனக்கு இரைத்தது. பஸ்ஸைத் துரத்திப் பிடித்தால் கண் இருட்டியது. ஓட்டை திறந்துகொண்டதோ என்று பயந்து, அந்த வருஷ செக்கப்பில் நானே வாயைத் திறந்தேன். பிறவி இதய நோய் கிளினிக்கில் சுற்றிலும் கைக்குழந்தைகள். குழந்தை எங்கே என்று நர்ஸ் இந்தியில் கேட்டார். நான்தான் குழந்தை என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

டாக்டர் புதியவர். எக்கோ எடுத்தார், ட்ரெட்மில்லில் நடக்கவிட்டார். அடைத்த இடம் நன்றாக இருக்கிறது, அழுத்தம் சரியாக இருக்கிறது என்றார். என்ன விளையாடுவாய் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"கிஸ்னே ரோகா?" யார் தடுத்தது என்கிறார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா சுவரைப் பார்த்தார்.

இரைப்பது இதயத்தால் இல்லை, உடம்பை உபயோகிக்காததால்தான் என்று டாக்டர் விளக்கினார். நட, பிறகு வேகமாக நட, பிறகு ஆடு. ஆடும்போது பேச முடிகிற வரைக்கும் பயமில்லை. நெஞ்சு வலித்தாலோ மயக்கம் வந்தாலோ நிறுத்திவிட்டு இங்கே வா. அவ்வளவுதான். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம். இதை ஏழு வயதில் சொல்லியிருக்கலாமே.

பஸ்ஸில் அப்பா ஆஸ்பத்திரிச் சீட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார். "வாயால சொன்னார். சீட்டுல ஒண்ணும் எழுதலையேம்மா. அடுத்த தடவை பெரிய டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுப்போம்."

"அடுத்த தடவைன்னா அடுத்த வருஷம்ப்பா."

"இத்தனை வருஷம் இருந்தாச்சு. ஒரு வருஷத்துல என்ன?"

பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தேன்.

சில வாரம் நடந்து பழகிவிட்டு, ஒருநாள் மாலை நானே பேட்டை எடுத்துக்கொண்டு பார்க்கில் இறங்கினேன். எதிரே நின்ற ஆன்ட்டி, தொட்டிலில் பிள்ளையைப் போடுவதுபோல் பந்தை என் பேட்டின் மேல் இறக்கிவைத்தார். எனக்கு லேசாக மூச்சு வாங்கியதும் ஆட்டமே நின்றது. ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தார். இன்னொருவர் அம்மாவைக் கூப்பிடப் போய்விட்டார். டாக்டர் சொன்னதை ஒப்பித்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள். "சரிதாம்மா, போதும் உக்காரு" என்றார்கள்.

என்னோடு படித்த நாகர்கோவில்காரி ஒருத்தி யூனிவர்சிட்டிக்குப் பக்கத்தில் முனிர்காவில் ரூம் எடுத்திருந்தாள். காலையில் கேம்பஸ் கோர்ட்டில் ஆடுவாள். அவளுக்கு என் விஷயம் தெரியாது. அவளோடு ஆட வீட்டில் சொல்லிவிட்டே போனேன். அப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. அவளோ என்னை ஓடவைத்து அடித்தாள். வலையோரம் ஒன்று, பின்கோட்டில் ஒன்று. நான் தவறவிட்டால் திட்டினாள். "செத்தவ மாதிரி நிக்கியே, ஓடுட்டி." அப்படி யாரும் என்னைத் திட்டியதில்லை. வீட்டுக்கு வரும்போது கால் வலித்தது. எனக்குக் கால் வலிக்கும் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

ஒரு மாதம் போனது. ஒருநாள் மயக்கம் வந்தால் கூட இருப்பவளுக்குத் தெரிந்திருக்க வேண்டுமே என்று, டீ குடிக்கும்போது அவளிடம் சொன்னேன். கழுத்துக்குக் கீழே தழும்பின் நுனியையும் காட்டினேன். அவள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். கோர்ட்டுக்குத் திரும்பி சர்வீஸ் போட்டாள். பந்து மெதுவாக வந்து என் பேட்டின் மேல் உட்கார்ந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பந்தை எடுத்து அவள் பக்கம் எறிந்தேன். "நேத்து போட்ட மாதிரி போடு."

"உனக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்கப்பாவுக்கு நானாட்டி பதில் சொல்ல?"

"மூச்சு முட்டினா நானே நிறுத்துவேன். அது என் வேலை. உன் வேலை அடிக்கறது."

அவள் பேட்டைத் தட்டிக்கொண்டு சர்வீஸ் கோட்டுக்குப் போனாள். பிறகு போட்டாள். பந்து என் தலைக்கு மேலே போய்ப் பின்கோட்டில் விழுந்தது. ஓடினேன், எட்டவில்லை.