கத்திய வால்வை அடைத்தவன்

நான் நெல்லித்தோப்பில் சோடா மெஷின் ரிப்பேர் கடை வைத்திருந்தவன். ‘உஸ்’ என்று எங்கே சத்தம் கேட்டாலும் உடனே அடைத்துவிட வேண்டும் எனக்கு. அந்தக் கெட்ட பழக்கம்தான் 2004 மே மாதம் என் மானத்தை வாங்கியது.

எங்கள் ஊர் உப்பளம் பகுதியில் முசியே சேவியர் என்று ஒருவர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர்; அதனால்தான் ஐயா என்பதற்குப் பதில் ‘முசியே’. வீட்டிலேயே பீர் காய்ச்சி பாட்டிலில் அடைப்பார். மகள் நிச்சயதார்த்தத்துக்கு முதல் தடவையாக கெக்கில் போட முடிவு செய்து, பழைய சோடா கெக் ஒன்றை என்னிடம் வாங்கினார். பத்தொன்பது லிட்டர் பிடிக்கும் ஸ்டீல் கேன் அது.

“பீர் நல்லபடியா ஊத்துச்சுன்னா, நான் தொறக்கப்போற ரெஸ்தொரான்ல மெஷினெல்லாம் உன் பொறுப்பு. மாசச் சம்பளம்” என்றார். கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

கெக்கை மூடும் அன்று, வழக்கம்போல முக்கால் லிட்டர் பாட்டிலுக்கு ஒரு சர்க்கரைக் கட்டி என்று கணக்குப் போட்டு, இருபத்தைந்து கட்டியைக் கரைத்து ஊற்றினார். மனுஷனுக்கு இனிப்பு நாக்கு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சர்க்கரைதான் உள்ளே கேஸாக மாறும் என்று எனக்கு யார் சொன்னது? கெக்குக்கு அதில் பாதி போதும் என்று அவருக்கும் தெரியாது.

ஐந்தாம் நாள் பார்க்கப் போனேன். மூடியில் இருந்த சேஃப்டி வால்வு ‘உஸ்’ என்றது. எங்கள் தொழிலில் கேஸ் சிலிண்டரிலிருந்துதான் வரும். இங்கே சிலிண்டரே மாட்டவில்லை, அப்புறம் ஏது பிரஷர்? வால்வு பழசு, லீக் அடிக்கிறது என்று நானே முடிவு கட்டி, ரப்பர் வைத்து கிளாம்ப் போட்டு இறுக்கினேன். சத்தம் நின்றது. முசியேவிடம் சொல்லவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நிச்சயதார்த்தத்துக்குச் சம்பந்தி வீட்டார் வந்தார்கள். முதல் கிளாஸ் சம்பந்திக்கு. முசியே குழாயைத் திருகினார். அவ்வளவுதான்! கிளாஸ் ஒரு பக்கம் பறந்தது, சம்பந்தியின் மூக்குக் கண்ணாடி இன்னொரு பக்கம் பறந்தது. பீர் கூரையைத் தொட்டது.

“ஐயையோ, கேனு வெடிக்கப்போவுது!” என்று யாரோ அலற, மாப்பிள்ளை மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டார். நான் ஓடிப்போய் கிளாம்பைக் கழற்றினேன். வால்வு விசிலடித்தது, நெடுநேரம் அடித்தது.

“அத ஏன்டா அடச்ச?” என்றார் முசியே, முகமெல்லாம் நுரையோடு.

“சத்தம் வந்துச்சுங்க முசியே.”

வேலை போச்சு என்று நினைத்தேன். அழுகையே வந்துவிட்டது. அப்போது மதாம், அதாவது அவர் மனைவி, சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தார்.

“அத்தினி சக்கரைய அள்ளிப் போட்டது யாரு? அவன மட்டும் மொறைக்கிறீங்க! முப்பது வருசமா நான் கத்திக்கினு இருக்கறதாலதான் இந்த வூடு வெடிக்காம நிக்குது. வாய அடச்சா எதுதான் தாங்கும்?”

சொட்டச் சொட்ட நின்ற சம்பந்திதான் முதலில் சிரித்தார். முசியே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “திங்கக்கெழம வேலைக்கு வந்துடு” என்றார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கெக்குக்குப் பாட்டில் கணக்கில் பாதிச் சர்க்கரை போதும். வால்வு கத்தினால் கத்த விடுங்கள். எனக்குச் சோறு போட்டதே மதாமின் கத்தல்தான்.