நாலு படி இறங்கப் பயந்த லைன்மேன்

போன வருடம் பொங்கல் முடிந்த கையோடு, புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் எனக்கு வலது முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. முப்பது வருடம் லைன்மேனாகக் கரண்ட் கம்பம் ஏறி, ஓய்வு பெற்றவன் நான்.

மறுநாள் கட்டிலைவிட்டு எழுந்து நின்றேன். கால் சட்டென்று மடங்கிவிட்டது. நர்ஸ் பிடித்திராவிட்டால் விழுந்திருப்பேன். மரத்துப்போகப் போட்ட ஊசியால் வந்தது, இனி அப்படி ஆகாது என்றார்கள். புத்திக்குப் புரிந்தது. ஆனாலும் அந்தக் காலை ஊன்றும்போதெல்லாம் இதோ மடங்கப்போகிறது என்றே தோன்றும்.

பிறகு ரெட்டியார்பாளையத்தில் ஒரு பிசியோதெரபி நிலையத்துக்குத் தினமும் ஆட்டோவில் போனேன். பயிற்சி தந்தவருக்கு என் மகன் வயதுதான். முட்டியை மடக்கச் சொன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு மடக்குவேன். படி இறங்கச் சொன்னால்தான் உடம்பெல்லாம் வியர்க்கும்; கைப்பிடியை விட மாட்டேன். ஒருநாள் எல்லோர் எதிரிலும் அவர் சொன்னார்: "கம்பம் ஏறின ஆளு சார் நீங்க. நாலு படிக்கு இப்படி நடுங்குறீங்களே." எல்லோரும் சிரித்தார்கள். என் ஃபைலில் 'ஒத்துழைப்பதில்லை' என்று எழுதினார். வீட்டுக்கு வந்து, மனைவிக்குக்கூடத் தெரியாமல் குளியலறையில் அழுதேன்.

மறுநாளும் அதே கிண்டல். அப்போது இன்னொரு நோயாளி குறுக்கிட்டார். கனகசெட்டிக்குளத்தில் மீன் விற்கும் அம்மா, இரண்டு முட்டியும் மாற்றியவர். "இன்னா சார் சிரிப்பு? எனக்கும் பயமாத்தான் இருக்குது. திட்டுவீங்கன்னு சொல்லாம இருக்கேன், அவ்ளோதான்."

அதற்குப் பிறகுதான் எனக்கும் வாய் வந்தது. "தம்பி, நாங்க கம்பம் ஏறினா இடுப்புல பெல்ட் இருக்கும். கீழ ஒருத்தன் நிப்பான். இங்க என் கால் மடங்குனா யாரு புடிப்பா? எதுக்குப் பயப்படுறேன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

"மனசுல இருக்கறதுக்கெல்லாம் நான் வைத்தியம் பாக்க முடியாது சார்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார்.

அந்த அம்மா மெல்ல எழுந்து வந்தார். "வாங்கண்ணா, நான் கீழ நிக்கிறேன்." நான் விழுந்தால் அவரால் தாங்க முடியாது. அது இருவருக்கும் தெரியும். ஆனாலும் என் காலையே பார்த்துக்கொண்டு ஒருவர் நிற்கிறார் என்பது போதுமாக இருந்தது. நாலு படியும் இறங்கினேன். பிறகு அவருக்காக நான் நின்றேன். பத்து நாளில் இருவருமே கைப்பிடியை விட்டோம்.

ஒரு மாதம் கழித்து அங்கே போனபோது, புதிதாக வந்திருந்த ஓர் அம்மாளிடம் அந்தப் பயிற்சியாளர் செல்போனில் வீடியோ காட்டிக்கொண்டிருந்தார். நான் படி இறங்கும் வீடியோ. எப்போது எடுத்தாரோ தெரியாது. "இவர் எப்படி இறங்குறாரு பாருங்க. உங்களுக்கு மட்டும் ஏன் முடியல?"

என் கண்ணெதிரிலேயே அதை அழிக்கவைத்தேன். பிறகு அந்த அம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்து, "எது உங்களுக்குப் பயமா இருக்குதும்மா?" என்று கேட்டேன். இத்தனை நாள் யாரும் கேட்கவில்லை போலும். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

இன்று படிகளில் தடையில்லாமல் ஏறி இறங்குகிறேன். ஆனால் பயந்த மனிதரை ஒத்துழைக்காதவர் என்று முடிவுகட்டுபவர்களைப் பார்த்தால் வரும் கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம் என்றே நினைக்கிறேன்.