கரவனின் குசினியில் ஓர் அம்மி

மெல்பேர்ணில் வேகப் பலகைகள் மைலிலிருந்து கிலோமீற்றருக்கு மாறிய காலம். பக்கத்து வீட்டுக்காரர் தன்னுடைய கரவனை எங்களுக்கு நான்கு நாள் இரவல் தந்தார். காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துப் போகிற சக்கர வீடு. வடக்கே ஓர் ஏரிக்கரையில் அதை நிறுத்தி மீன் பிடிப்பதாகத் திட்டம். எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் மீன் பிடிக்கத் தெரியாது. அது ஒரு குறையாக எங்களுக்குத் தோன்றவில்லை.

பாரமான சாமான்களை முன்பக்கம் வையுங்கள் என்றார் அவர். நான் கிளேட்டனில் பல்கலைக்கழக மாணவர்களுக்கு இயக்கவியல் கற்பிக்கிறவன். தெரியும் என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

நான்கு நாளுக்கு மனைவி ஒரு மூட்டை அரிசியும் அம்மி குழவியும் எடுத்து வைத்திருந்தாள். கரவனில் முன்பக்கம் கட்டில், பின்பக்கம் சமைக்கக் குசினி. மூட்டையைக் கட்டிலின் கீழே தள்ளப் போனேன்.

"படுக்கிற இடத்திலயோ? அரிசியில கால் படுமெல்லே?"

"கட்டிலுக்குக் கீழதானேயப்பா."

"அம்மியையும் காலடியில வைப்பியளோ? குசினிச் சாமான் குசினியில இருக்கட்டும்."

நான் மறுத்திருக்கலாம். அதற்குப் பதிலாக, அவள் சொன்னதற்கு ஒரு விதியையே கண்டுபிடித்துக் கொடுத்தேன். பின்னால் பாரம் இருந்தால் காரின் முதுகு தாழாது, எஞ்சினுக்கும் சுகம் என்றேன். படித்தவன் சொன்னால் அம்மியும் மிதக்கும் என்று நம்புகிற குடும்பம் எங்களுடையது.

கிரெய்கிபர்ன் ஊர் கழிந்ததும் இருபுறமும் வெறும் மேய்ச்சல் நிலம். ஒரு பெரிய லொறி எங்களை முந்தியது. அது கிளப்பிய காற்றில் கரவன் ஒருமுறை அசைந்தது. பிறகு தானாகவே அசையத் தொடங்கியது. இடம், வலம், ஒவ்வொரு முறையும் முந்தியதைவிட அகலமாக.

"அப்பா, இட்ஸ் ஸ்விங்கிங்," என்றாள் பின் இருக்கையில் மகனோடு இருந்த மகள். பதினாலு வயது. மிக அமைதியாகச் சொன்னாள். அதுதான் என்னைக் கலக்கியது.

பிரேக்கை மிதித்தேன். பின்னாலிருந்த பாரம் காரைத் தள்ளியது, ஆட்டம் இரட்டிப்பானது. ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டினேன், இன்னும் மோசம். பக்கக் கண்ணாடியில் கரவனின் முழு விலாவும் தெரிந்தது. தெருவோரப் பள்ளம் நெருங்கிக்கொண்டிருந்தது.

என் திறமையால் தப்பினோம் என்று எழுத ஆசைதான். பயத்தில் கால் உதறி, மிதிகளை விட்டே விலகிவிட்டது, அவ்வளவுதான் நடந்தது. காரும் கரவனும் தாமாகவே வேகம் குறைந்து நேராகின.

முந்திப்போன லொறிக்காரர் கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும். நிறுத்திவிட்டு நடந்து வந்தார். கொளுக்கியைக் கழற்றி, காரோடு கொளுவுகிற கரவனின் மூக்கை ஒற்றைக் கையால் தூக்கினார். பயில்வான் என்று நினைத்தேன். என்னையும் தூக்கச் சொன்னார். என் கைக்கும் வந்தது, மூக்கில் பாரமே இல்லை. பின்னால் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அம்மிக்கு ஆங்கிலச் சொல் தெரியாமல் மனைவியைப் பார்த்தேன்.

"கல்லெண்டு சொல்லுங்கோ."

சொன்னேன். விடுமுறைக்குக் கல்லைக் கொண்டுபோகிறவர்களை அவர் அன்றுதான் முதலில் கண்டிருப்பார்.

அம்மியையும் மூட்டையையும் கட்டிலின் கீழே மாற்றினோம். குழவியை மனைவியே காலடிக்குத் தள்ளிவிட்டாள். மூக்கில் பாரம் இருக்கட்டும், மெதுவாகப் போங்கள், ஆடினால் பிரேக் வேண்டாம், காலை மட்டும் எடுங்கள் என்றார் லொறிக்காரர். நான் ஒரு கல்வித் தவணை முழுக்கக் கரும்பலகையில் எழுதுகிற விஷயம்.

மகன் காரில் ஏறினான். மகள் ஏறவில்லை.

"ஏன் பிள்ளை?"

"நோ. உங்களுக்குத் தெரியுமெண்டு சொன்னீங்கள்."

லொறி போய்விட்டது. அவளை அந்த மேய்ச்சல் நிலத்தில் விட்டுப் போகவும் முடியாது, தூக்கி ஏற்றவும் முடியாது.

"எனக்குத் தெரியாது பிள்ளை," என்றேன். "இப்பதான் தெரிஞ்சது."

பிறகு ஏறி, வேகமுள் தெரிகிற இடமாகப் பார்த்து, பின் இருக்கையின் நடுவில் உட்கார்ந்தாள்.

முப்பது மைலுக்கு மேல் நான் போகவில்லை. பின்னால் கார்கள் நீளமாக வரிசை கட்டி ஹோர்ன் அடித்தன. பின்புறம் பார்க்கும் கண்ணாடியில் நான் பார்த்ததோ பின் இருக்கையின் இரண்டு தலைகளை மட்டும்.

"பிள்ளையள் அங்கதான் இருக்குதுகள்," என்றாள் மனைவி. "நீங்கள் ரோட்டைப் பாருங்கோ."