ஏறாத பயணிகளின் டிக்கெட்

போன வாரம் ஈப்போ ஸ்டேசனில் மின்ரயிலுக்குப் போகும் தானியங்கிக் கதவு என் அட்டையை ஏற்க மறுத்துக் கத்தியது. பக்கத்தில் நின்ற காவலாளிப் பையன் என்னை மேலும் கீழும் பார்த்தான். அறுபத்தெட்டு வயது மனுஷன், கையில் ஒரு பொட்டலம் அவித்த கடலை. நான் என்ன ரயிலையா தூக்கிக்கொண்டு ஓடப் போகிறேன்? கோபம் வந்தது. வண்டியில் உட்கார்ந்ததும் அடங்கிவிட்டது. இருபத்திரண்டு வயதில் நானும் ஆட்களை இப்படித்தான் பார்த்தேன், அதுவும் சம்பளம் வாங்கிக்கொண்டு.

அப்போதெல்லாம் டிக்கெட் என்றால் தடித்த சின்ன அட்டை. தேதி குத்தும் இரும்பு இயந்திரத்தில் விட்டு எடுத்தால் மை வாசனை வரும். கூடவே புளித்த ரப்பர் பால் நாற்றமும். நான் டிக்கெட் கொடுக்கும் கிராணியாக இருந்தது செமோருக்கு முன்னால், ரப்பர் தோட்டத்தை ஒட்டிய ஒரு குட்டி ஸ்டேசனில். ஓர் அறை, ஒரு பெஞ்சு, ஒரு ஜம்பு மரம். காலையில் ஈப்போவுக்கு ஒரு வண்டி, சாயங்காலம் செமோர் பக்கம் ஒரு வண்டி. பேரைச் சொன்னாலும் இன்று யாருக்கும் தெரியாது.

எனக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. காப்பிக்கடைச் சீன முதலாளி, தவுக்கே, தூளில் வறுத்த சோளம் கலக்கிறார் என்று கடை மாற்றினேன். புதுக் கடையிலும் சந்தேகம் தீராமல் கடைசியில் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்டவன் முன்னால்தான் பாக்கியம் அக்கா வந்து நின்றார்.

பாக்கியம் அக்கா அந்தத் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுப்பவர். ஈப்போ இடைநிலைப்பள்ளியில் படித்த மகள் செல்வியை அழைத்துப்போகச் சாயங்காலம் வருவார். வந்ததும், "செமோருக்கு அஞ்சு டிக்கெட் குடுங்க தம்பி" என்பார். வண்டி வரும், செல்வி இறங்குவாள், தாயும் மகளும் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு நடந்துவிடுவார்கள். செமோருக்கு ஒருவரும் ஏற மாட்டார்கள். மறுநாள் அதே லயத்திலிருந்து வேறொருவர் வந்து நாலு டிக்கெட் வாங்குவார். அதிலும் யாரும் ஏறவில்லை.

"யாருக்குக்கா இவ்ளோ டிக்கெட்டு?"

"சொந்தக்காரவங்களுக்குலா தம்பி."

"ஒருத்தரும் ஏறலையே?"

"நாளைக்கு ஏறுவாங்க."

இன்றைய டிக்கெட்டில் நாளைக்கு எப்படி ஏறுவது? எனக்கு மூக்கு வியர்த்துவிட்டது. கள்ளச் சாராயமா, டிக்கெட்டை வைத்து வேறு ஏதாவது பித்தலாட்டமா என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டேன். பிறகு, வாங்கிய டிக்கெட்டில் யாரும் ஏறுவதில்லை என்று ஈப்போவிலிருந்த மேலதிகாரிக்கு நல்ல கையெழுத்தில் ஒரு கடிதம் எழுதினேன். பதவி உயர்வே வரும் என்று நினைத்தேன், வெட்கமாக இருக்கிறது.

ஈப்போவிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். ஒரு வாரம் பெஞ்சில் உட்கார்ந்து ஏறுகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் குறித்துக்கொண்டார்கள். காலையில் செல்வியும் இன்னும் இரண்டு பேரும். சாயங்காலம் அநேகமாக யாருமில்லை. அடுத்த மாதம் ஸ்டேசனை மூடும் அறிவிப்பு வந்தது. பசை தடவி ஒட்டியதும் நான்தான்.

செல்வி அதை வாசித்துக் காட்ட, பாக்கியம் அக்கா ஜன்னலுக்கு வந்தார்.

"ஆளு இல்லேன்னா மூடிருவாங்கன்னு சொன்னாங்க தம்பி. அதான் லயத்துல முறை வச்சு டிக்கெட் வாங்கினோம். பாப்பா பள்ளிக்கூடம் போவணும்ல. பெரியவங்க வந்தப்ப, டிக்கெட்டு நல்லா போவுதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லலையா?"

"சொன்னேன்க்கா" என்றேன்.

"நீங்க சொல்லியிருப்பீங்க. அவங்கதான் கேக்கல" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

பஸ் ஓடும் பெரிய ரோட்டுக்குத் தோட்டத்திலிருந்து ஒன்றரை மணி நேர நடை. கடைசி நாள் நான் சாமான்களைக் கட்டும்போது, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் செல்வி அம்மாவுக்குப் பின்னால் பால்வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். பள்ளி நாள் அது. நான் கூப்பிடவில்லை.

இப்போது அங்கே இரட்டைத் தண்டவாளமும் கம்பி வேலியும்தான். தோட்டத்தை அழித்து வீடுகள் கட்டிவிட்டார்கள், லயமும் போயிற்று. கூட வேலை பார்த்தவர்களைச் சந்தித்தால், கார் வந்தது, பஸ் வந்தது, அதனால் சின்ன ஸ்டேசன்களெல்லாம் போயின என்று பேசிக்கொள்வோம். நானும் தலையாட்டுவேன். கடிதத்தைப் பற்றி உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.